கோத்தகிரி பழைய வீட்டை விருந்தினர் அறைகளாக மாற்ற வயரிங் கொட்டேஷன் 3.85 லட்சம். நியாயமா?

#1 கோடநாடு_ரோடு

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகிற வழியில் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. கல் சுவர், மங்களூர் ஓடு, உள்ளே பலகை சீலிங். 1,450 சதுர அடி. அம்மா முன்பக்கம் இருந்துகொள்வார். பின்பக்கத்து மூன்று அறைகளுக்கும் தனித்தனியாகக் குளியலறை சேர்த்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு விடலாம் என்று வேலையை ஆரம்பித்துவிட்டோம். மாட்டுக்கொட்டகை இருந்த இடம் சாப்பாட்டு அறையாகிறது. அது வீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி, தேயிலைக்கு நடுவே.

வயரிங் மொத்தமும் பழசு. மரப் பட்டையின் மேல் ஓடும் வயர், கருப்பு பேக்லைட் சுவிட்ச், பீங்கான் பியூஸ். நிறைய இடத்தில் எர்த்தே கிடையாது.

ஒருவர் வந்து பார்த்துவிட்டு லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தது அப்படியே: "முழு வீடு ரீவயரிங், 3 ரூம், கிச்சன், டைனிங், மெட்டீரியல் மற்றும் லேபர் ரூ. 3,85,000. ஜி.எஸ்.டி. 18% தனி." இவ்வளவுதான். இன்னொருவர் வாய் வார்த்தையாக 2,40,000 என்கிறார். நான் இருப்பது கோவையில். தினமும் மேலே போய் நின்று பார்க்க முடியாது. எது நியாயம், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பொள்ளாச்சி_தம்பி

அக்கா, 3.85 பகல் கொள்ளை. எங்கள் பக்கம் லேபர் சதுர அடிக்கு 40 ரூபாய். 1,450க்கு 58,000. மெட்டீரியல் அதே மாதிரி ஒன்றரை மடங்கு வைத்தாலும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது. மலை என்றாலே ஏமாற்றுவார்கள்.

#3 ஒயர்மேன்_குன்னூர்

பொள்ளாச்சி தம்பிக்கு: அந்த 40 ரூபாய் ரேட் எதற்கு? புது வீடு. செங்கல் சுவர், பூசுவதற்கு முன்னால் மெஷினில் காடி வெட்டி பைப் பதித்துவிட்டு வருகிற வேலை. இது அறுபது எழுபது வருஷத்துக் கல் கட்டு. உளி வைத்தால் சுண்ணாம்புப் பூச்சு ஒரு கை அகலத்துக்கு உதிரும், அப்புறம் அதற்கு ஒரு கொத்தனார் வேண்டும். பலகை சீலிங்குக்கு மேலே தவழ்ந்து போய்ப் பழைய வயரை உருவ வேண்டும். வீட்டில் ஆள் குடியிருப்பதால் சாயங்காலம் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு அறைக்குக் கரண்ட் கொடுத்துவிட்டுத்தான் இறங்க முடியும். மேட்டுப்பாளையத்திலிருந்து சாமான் ஏறி வருகிற வாடகை வேறு.

பழைய வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கு செல்லாது. பாயிண்ட் கணக்குதான், அதாவது லைட், பிளக் என்று ஒவ்வொன்றையும் எண்ணிப் போடுவது.

அதற்காக அந்த 3.85 சரி என்று நான் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தில் சரியா தப்பா என்று பார்ப்பதற்கே எதுவும் இல்லை. ஒரே வரி.

#4 அரவங்காடு_பழசு

நான் ரிட்டயர்டு ஆள், முப்பது வருஷத்துக்கு மேல் இதே வேலைதான். அம்மா, நீங்கள் ரூபாயிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். ஆம்பியரிலிருந்து ஆரம்பியுங்கள். ரூபாய் பின்னாலேயே வரும்.

கீழே கோவையில் வீடு மாற்றுகிறவன் ஏசியை யோசிக்கிறான். நமக்கு ஏசி இல்லை, ஃபேன்கூட பேருக்குத்தான். ஆனால் கீசர், ரூம் ஹீட்டர், கெட்டில் மூன்றும் உண்டு. மூன்று அறையில் 2 கிலோவாட் கீசர் என்றால் 6. ரூம் ஹீட்டர் அதே அளவு, இன்னொரு 6. கெட்டில் 1.5 வீதம் 4.5. அம்மாவின் கீசர் 2, சமையலுக்கு இண்டக்‌ஷன் 2, தண்ணீர் மோட்டார் ஒரு எச்.பி. என்றால் முக்கால். விளக்கு, ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் சேர்த்தால் 22 கிலோவாட்டை ஒட்டி வந்துவிடும்.

எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பார்கள். சமவெளியில் சரி. இங்கே டிசம்பர் மாதம் காலை ஆறரை மணிக்கு மூன்று அறைக்காரர்களும் எழுந்து என்ன செய்வார்கள்? மூன்று பேருமே கீசரையும் ஹீட்டரையும் போடுவார்கள். 13 கிலோவாட் ஒரே மூச்சில் இழுக்கும் என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். சிங்கிள் பேஸில் 13 என்றால் 56 ஆம்பியர். வீட்டுச் சாதா சர்வீஸ் அதைத் தாங்காது. த்ரீ பேஸ் வாங்கி, ஒரு பேஸுக்கு 19 ஆம்பியர் வருகிற மாதிரி அறைகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இந்த இரண்டு பேரில் யாராவது உங்களிடம் "எத்தனை கீசர், என்ன வாட், இப்போது ஈ.பி.யில் எவ்வளவு லோடு வாங்கியிருக்கிறீர்கள்" என்று கேட்டார்களா? கேட்காமல் விலை சொன்னவருடைய விலை 3.85 ஆனாலும் 2.40 ஆனாலும் ஒன்றுதான்.

#5 கோடநாடு_ரோடு

ஐயா, 3.85 சொன்னவர் எத்தனை கீசர் என்று கேட்டார். 2.40 சொன்னவர் கேட்கவில்லை. ஈ.பி. அட்டையில் பார்த்தேன், சிங்கிள் பேஸ், 2 கிலோவாட்.

#6 அரவங்காடு_பழசு

பாருங்கள். வித்தியாசத்தில் பாதி அங்கேயே இருக்கிறது.

#7 வில்பட்டி_பூண்டு

கொடைக்கானலிலிருந்து. நாங்கள் இதே வேலையைச் செய்தவர்கள், அதனால் சொல்கிறேன். குறைந்த கொட்டேஷன் கொடுத்தவரைத்தான் பிடித்தோம். விருந்தினர் பக்கம் புது வயர், புது டி.பி. (எல்லா லைனும் பிரிகிற பெட்டி), எல்லாம் பளபளவென்று போட்டார். நாங்கள் இருக்கிற பக்கத்தில் பழைய வயரை அப்படியே விட்டுவிட்டு, அதையும் புது டி.பி.யில் இணைத்துவிட்டார். மெயினில் ஒரு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை நிறுத்தும் சுவிட்ச்).

அவ்வளவுதான். சமையலறையில் கிரைண்டர் போட்டால் விருந்தினர் அறை இருட்டு. ஐப்பசி மழையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழுந்தது. வேறு ஒரு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பழைய வீடுகளில் ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைனுக்குக் கடன் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். பியூஸ் காலத்தில் அது யாருக்கும் தெரியாது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒரே அளவா என்று பார்ப்பதுதான் ஆர்.சி.சி.பி.யின் வேலையே. அப்படிக் கடன் வாங்கிய நியூட்ரல் ஆர்.சி.சி.பி. வழியாகத் திரும்பாமல் அதைத் தாண்டி வேறு வழியாகத் திரும்பினால் அது கசிவு என்று நினைத்து விழுந்துவிடும். நனைந்த பழைய வயரில் உண்மையான கசிவு வேறு.

முதலில் போட்டவர் அதற்கு என்ன வழி செய்திருந்தார் தெரியுமா? போன் செய்தபோது, "ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் பண்ணிவிடலாம் சார்" என்றார். குளியலறையில் கீசர் இருக்கிற வீட்டில்!

2.40காரர் அம்மா இருக்கிற முன்பக்கத்தையும் மாற்றுகிறாரா என்று தெளிவாகக் கேளுங்கள்.

#8 பொள்ளாச்சி_தம்பி

சரி, கல் சுவர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் வித்தியாசம்! ஜி.எஸ்.டி.யோடு 4,54,300 ஆகிறதே.

#9 கணக்கு_நோட்டு

அந்த ஜி.எஸ்.டி.யை விடாதீர்கள். லெட்டர்பேடில் ஜி.எஸ்.டி. நம்பர் அச்சாகி இருக்கிறதா? சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு செய்யாதவர் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. என்று தனியாக ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. அவர் கடையில் வயர் வாங்கும்போது கட்டிய வரி சாமான் விலைக்குள்ளேயே இருக்கிறது. அந்த விலையை 3,85,000க்குள் சேர்த்துவிட்டு, மறுபடி மொத்தத்துக்கும் 18% என்றால் 69,300 ரூபாய் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். நம்பர் இருந்தால் முறையான பில் கேளுங்கள். நம்பரை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று அரை நிமிடத்தில் தெரியும்.

#10 கோடநாடு_ரோடு

லெட்டர்பேடில் நம்பர் இல்லை. போன் செய்து கேட்டேன். "பில் வேண்டும் என்றால்தான் மேடம் அது, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்" என்கிறார்.

#11 கணக்கு_நோட்டு

அப்படியானால் விட்டுவிட்டார் என்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாமானுக்கு மட்டும் கடை பில் உங்கள் பெயரில் வரட்டும்.

#12 ஒயர்மேன்_குன்னூர்

அக்கா, ஒரு வழி சொல்கிறேன். இருவருக்கும் ஒரே காகிதத்தை நீங்களே தயார் செய்து கொடுங்கள். அறைக்கு அறை நடந்து, எங்கே லைட், எங்கே சுவிட்ச், எங்கே பிளக் என்று சுண்ணாம்புக் கட்டியால் சுவரிலேயே குறி போடுங்கள். அதை எண்ணி எழுதுங்கள். லைட் பாயிண்ட் இத்தனை, போர்டில் வரும் 6 ஆம்பியர் பிளக் இத்தனை, 16 ஆம்பியர் பவர் பிளக் இத்தனை, டூ-வே இத்தனை. கட்டில் பக்கத்தில் ஒரு சுவிட்ச், கதவுப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் என்று டூ-வே நிறைய வரும், அதைச் சிலர் ஒரு பாயிண்ட் என்பார்கள், சிலர் இரண்டு என்பார்கள். முன்கூட்டியே பேசாவிட்டால் கடைசியில் சண்டை அதில்தான் வரும்.

எங்கள் பக்கம் பழைய வீட்டில் லேபர் மட்டும் லைட் பாயிண்டுக்கு 400லிருந்து 500 வரை, பவர் பாயிண்டுக்கு 700 சுற்றி ஓடுகிறது. டி.பி. கட்டுவது, பழையதைக் கழற்றுவது, எர்த் குழி, வெளி கேபிள் எல்லாம் தனி.

சாமானில் எதைப் பார்க்க வேண்டும் என்றால், வயரின் அளவு. கம்பெனி எது என்பது அப்புறம். பினோலெக்ஸ், பாலிகேப், ஹேவல்ஸ் என்று பெரிய பெயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஐ.எஸ். 694 என்று வயர் மேலேயே அச்சாகி ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), பிளக்குக்கு 2.5, கீசருக்கு 4 என்று காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். காயில் ஒன்று 90 மீட்டர். மொத்தம் எத்தனை காயில் என்று எழுதினால் போதும், விலையை நீங்களே கடையில் விசாரித்துக்கொள்ளலாம். செம்பு விலை ஏறி இறங்குவதால் 15 நாளுக்கு மேல் யாரும் அதே விலைக்கு நிற்க மாட்டார்கள், அது நியாயம்தான்.

#13 அரவங்காடு_பழசு

தம்பி சொன்னதில் ஒன்று மட்டும் மாற்றம். 2 கிலோவாட் கீசருக்கு 4 வேண்டாம். 2,000 வாட் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர்தான். 2.5 தாராளம். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் 13 ஆம்பியர், அதற்கு 4 போடலாம். எல்லாவற்றுக்கும் 4 என்று எழுதினால் காயில் எண்ணிக்கை ஏறும், பில்லும் ஏறும்.

#14 ஒயர்மேன்_குன்னூர்

ஐயா, கணக்குப்படி சரி. ஆனால் நாளைக்கு அவர்கள் 3 கிலோவாட் மாட்டினால்? வந்து வயர் மாற்ற முடியுமா? அதோடு விருந்தினர் ஹீட்டரைக் கீசர் பிளக்கில் மல்டி பிளக் போட்டுச் சொருகுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

#15 அரவங்காடு_பழசு

அதற்குத்தான் எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறது. 2.5 வயருக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால் அதுவே விழும். நீங்கள் 4 வயரைப் போட்டுவிட்டு 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டினால் பிளக்தான் கருகும். இந்த விஷயத்தில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

அம்மா, இதைவிட முக்கியம் வேறு இரண்டு. ஒரு லைட் சர்க்யூட்டில் பத்துப் பாயிண்டுக்கு மேல் அல்லது 800 வாட்டுக்கு மேல் கூடாது, ஒரு பவர் சர்க்யூட்டில் இரண்டு பிளக்குக்கு மேல் கூடாது என்பது பழைய நடைமுறை. இதன்படி போனால் உங்கள் டி.பி.யில் எத்தனை எம்.சி.பி. வரும் என்று நீங்களே எண்ணிவிடலாம். கொட்டேஷனில் 8 வழி டி.பி. என்று இருந்தால் அவர் கீசரையும் ஹீட்டரையும் ஒரே லைனில் கோக்கப் போகிறார் என்று அர்த்தம்.

இரண்டாவது, அந்த மாட்டுக்கொட்டகை. 40 மீட்டர். இண்டக்‌ஷன், கெட்டில், ஃபிரீசர் சேர்த்து 5 கிலோவாட் என்றால் 22 ஆம்பியர். 2.5 வயரை இழுத்துவிட்டால் போகிற வழியிலேயே 14 வோல்ட் தின்றுவிடும். 6 செம்பு என்றால் 6 வோல்ட்டுக்குள் நிற்கும். ஆனால் 6 செம்பு வாங்க வேண்டியதில்லை, மண்ணுக்குள் போகிற 10 ஸ்கொயர் அலுமினிய ஆர்மர்டு (இரும்புக் கவசம் போட்ட) கேபிள் அதே வேலையைச் செய்யும், விலையும் குறைவு. இரண்டரை அடி ஆழம், கீழே மணல், மேலே செங்கல் அடுக்கி மூட வேண்டும். காட்டுப்பன்றி கிண்டுகிற இடம் என்றால் ஆர்மர்டு இல்லாமல் போடவே வேண்டாம். மேலே கம்பத்தில் இழுத்தால் குரங்கு தொங்கும்.

இப்போது உங்கள் லைனில் வோல்டேஜ் எவ்வளவு என்று மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 190 என்றால், 2,000 வாட் ரூம் ஹீட்டர் 1,365 வாட்தான் கொடுக்கும். விருந்தினர் "ஹீட்டர் சூடே வரவில்லை" என்று உங்களைத் திட்டுவார், ஹீட்டர் மேல் குற்றம் இருக்காது. த்ரீ பேஸ் எடுத்தால் இதில் பாதி சரியாகும்.

#16 கொடநாட்டு_காற்று

இடையில் ஒரு விஷயம். தோட்டத்தில் அலங்கார விளக்கு வைக்கிற எண்ணம் இருந்தால் கொட்டேஷனிலிருந்து எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் காட்டெருமை முதல் வாரத்திலேயே நான்கு கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் போய்விட்டது. கரடி வருகிற பக்கம் என்றால் கொல்லைப்பக்கம் சுவரில் உயரமாக ஒரு ஃபிளட் லைட் போதும், உள்ளேயிருந்து போடுகிற மாதிரி சுவிட்ச்.

#17 கோடநாடு_ரோடு

வாரக் கடைசியில் மேலே போய் அம்மாவும் நானும் சுண்ணாம்புக் கட்டியோடு சுற்றினோம். அம்மாவுக்குப் பூஜை அறையில் இரண்டு விளக்கு, அடுப்படியில் மேடைக்கு மேல் ஒன்று என்று நாங்கள் நினைக்காத பாயிண்ட் நிறைய வந்தது. எண்ணிப் பார்த்தால் லைட் 34, போர்டு பிளக் 18, பவர் பிளக் 12, டூ-வே 3. கரடி விளக்கு உட்பட.

அந்தக் காகிதத்தை இருவருக்கும் அனுப்பினேன். 2.40காரரிடம் முன்பக்கம் சேர்ந்ததா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நல்ல வயர் மேடம், பழைய காலத்து சரக்கு, இன்னும் ஐம்பது வருஷம் ஓடும்" என்றார். எர்த்? "இருக்கிற எர்த்தே போதும்." இருக்கிற எர்த் என்பது குளியலறைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிய ஒரு கம்பி.

3.85காரர் மூன்று நாள் எடுத்துக்கொண்டு எழுதி அனுப்பியிருக்கிறார். லேபர் பாயிண்டுக்கு 450, பவருக்கு 700, டூ-வேக்கு 800. அதுவே 34,200. பழையதைக் கழற்ற 8,000, டி.பி.யும் மீட்டர் போர்டும் 9,000, கேபிள் பள்ளம் 6,000, எர்த் இரண்டு குழி 8,000. ஆக லேபர் 65,200. சாமான் தனியாக 2,30,000. மொத்தம் 2,95,200. முன்னால் சொன்ன 3.85 என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பாறை வந்தால், சீலிங் பலகை உடைந்தால் என்று சேர்த்து வைத்தது" என்கிறார்.

#18 பொள்ளாச்சி_தம்பி

ஆக, கேட்ட கேள்விக்கே தொண்ணூறாயிரம்! நான் சொன்னது முழுத் தப்பு இல்லை போல.

#19 ஒயர்மேன்_குன்னூர்

தம்பி, அதைக் கொள்ளை என்று சொல்லாதே. ஒரே வரியில் விலை கேட்டால் யாராக இருந்தாலும் தெரியாத செலவுக்கெல்லாம் ஒரு தொகையை உள்ளே வைத்துத்தான் சொல்வார்கள். நானும் வைப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பழைய வீட்டில் கை வைப்பவன் வேறு என்ன செய்வான்? பாறை வந்தால் இவ்வளவு, வராவிட்டால் இல்லை என்று தனி வரியாக எழுதிக்கொண்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

அந்த லேபர் 65 ஆயிரம் எனக்கு நியாயமாகவே படுகிறது. நான் போட்டாலும் ஐந்தாயிரம் இப்படி அப்படித்தான் வரும். சாமான் 2,30,000 கொஞ்சம் கூடுதல். அதைப் பிரித்துக் கேளுங்கள்.

#20 கோடநாடு_ரோடு

பிரித்துக் கொடுத்திருக்கிறார். முழுதும் இங்கே போடவில்லை. கண்ணை உறுத்துவது இரண்டு. 4 ஸ்கொயர் வயர் 9 காயில். சுவிட்ச், போர்டு மட்டும் 68,000.

#21 அரவங்காடு_பழசு

9 காயில் என்றால் 810 மீட்டர். உங்களுக்கு நான்கு கீசர். டி.பி.யிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 20 மீட்டர் தூரம் என்று தாராளமாக வைத்தாலும், பேஸும் நியூட்ரலும் சேர்த்து 40, நான்குக்கு 160 மீட்டர். இரண்டு காயிலில் முடிந்துவிடும். மெயினுக்கும் ரூம் ஹீட்டர் பிளக்குக்கும் இன்னும் இரண்டு வைத்தாலும் நான்கு. ஒன்பது எங்கே போகிறது?

இங்கேதான் சொல்கிறேன், வயர் கணக்கை யாரும் சரிபார்ப்பதில்லை. பாயிண்ட் ரேட்டில் பத்து ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுவார்கள், ஐந்து காயிலை அப்படியே விட்டுவிடுவார்கள்.

#22 ஒயர்மேன்_குன்னூர்

ஒன்பது அதிகம்தான், நானே சொல்கிறேன். மிச்சமான காயிலைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் பேசிக்கொள்ளுங்கள், உடைக்காத காயிலை நிறைய கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

சுவிட்ச் 68,000 என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாடலைப் பொறுத்தது. கண்ணாடி பிளேட், யு.எஸ்.பி. என்று போனால் ஆகும். சாதா மாடுலர் போட்டால் பாதிதான். இதில் எலக்ட்ரீஷியன் மேல் குற்றம் சொல்ல முடியாது, யார் மாடலைக் காட்டி அவரிடம் சரி சொன்னார்கள் என்று பாருங்கள்.

#23 கோடநாடு_ரோடு

என் தம்பி.

#24 வில்பட்டி_பூண்டு

:)

சுவரில் காடியா, வெளியே கேசிங்கா (மூடி போட்ட பி.வி.சி. பட்டை) என்று முடிவு செய்துவிட்டீர்களா? நாங்கள் கல் சுவரைத் தொடவே இல்லை. சீலிங் ஓரமாக பி.வி.சி. பைப், சுவரில் கேசிங். அழகு குறைவு என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். ஆனால் மூடுபனி காலத்தில் சுவர் வியர்க்கிறபோது காடிக்குள் இருக்கும் பெட்டிகள் துருப்பிடித்து வருவதைப் பக்கத்து வீட்டில் பார்த்தபின் அடங்கிவிட்டார்கள். பலகை சீலிங்குக்கு மேலே மட்டும் பைப் இல்லாமல் வயரை வெறுமனே போட விடாதீர்கள். எலி.

#25 ஒயர்மேன்_குன்னூர்

கேசிங் என்றால் லேபரும் குறைய வேண்டும். அவர் 450 போட்டிருப்பது காடி வெட்டிப் பதிக்கவா, கேசிங்குக்கா? பதிக்கத்தான் என்றால் கேசிங்குக்கு 350க்கு வருவார். கேட்டுப் பாருங்கள்.

#26 கணக்கு_நோட்டு

பணம் கொடுக்கிற முறையும் கொட்டேஷனில் வரட்டும். வெளியூரில் இருந்துகொண்டு பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தால் உங்கள் வேலை கடைசி வரிசைக்குப் போய்விடும். லேபரில் கொஞ்சம் முன்பணம், பைப் முடிந்ததும் ஒரு பங்கு, வயர் இழுத்ததும் ஒரு பங்கு, டெஸ்ட் முடிந்ததும் மீதி. சாமானுக்கு நேராகக் கடைக்கே பணம்.

நீங்களே கடையில் வாங்கினாலும் கடைக் கமிஷன் எலக்ட்ரீஷியனுக்குப் போகும் என்று கிசுகிசுப்பார்கள். போகட்டும், பில் உங்கள் கையில் இருக்கிறது, கேரண்டியும் உங்கள் பெயரில்.

#27 அரவங்காடு_பழசு

டெஸ்ட் என்று ஒரு வார்த்தையில் விட்டுவிடக் கூடாது. 500 வோல்ட் மெக்கர் (வயர் காப்பை அளக்கும் மீட்டர்) வைத்து இன்சுலேஷன் பார்த்து, ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் எவ்வளவு மெகா ஓம் என்று எழுதித் தர வேண்டும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள். எர்த் டெஸ்டர் வைத்து ஓம் எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர், அதன் டெஸ்ட் பட்டனை உங்கள் முன்னாலேயே அழுத்திக் காட்ட வேண்டும். முடிந்தால் விருந்தினர் பக்கத்துக்கு ஒன்று, அம்மா பக்கத்துக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். அறையில் யாரோ ஒருவரின் பழுதான கெட்டிலுக்காக அம்மா இருட்டில் உட்காரக் கூடாது.

எர்த் குழி தோண்டும்போது உங்கள் மேட்டில் மூன்றடியில் பாறை வரலாம். வந்தால் ஆழத்துக்குச் சண்டை போட வேண்டாம். நீளமான ஸ்டிரிப்பை மண் உள்ள பக்கம் கிடைமட்டமாகப் பதிக்கலாம், ஐ.எஸ். 3043 அதையும் ஒப்புக்கொள்கிறது.

த்ரீ பேஸுக்குப் போவதால் இன்னொன்று. காற்று காலத்தில் மரம் விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்தால் சில அறைக்கு 400 வோல்ட்டை ஒட்டி ஏறும், டி.வி., ஃபிரிட்ஜ், எல்லாம் போய்விடும். மெயினில் ஓவர் வோல்டேஜ் கட் ரிலே ஒன்றும், இடிக்கு சர்ஜ் அரெஸ்டர் ஒன்றும் போடச் சொல்லுங்கள். கொட்டேஷனில் இவை இருக்கின்றனவா?

#28 கோடநாடு_ரோடு

இரண்டுமே இல்லை. கேட்டதற்குச் சேர்த்துத் தருகிறேன் என்கிறார்.

#29 வில்பட்டி_பூண்டு

லைசென்ஸ் பார்த்தீர்களா? த்ரீ பேஸ் மாற்ற ஈ.பி.க்கு வயரிங் முடித்த ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், அதில் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்து வேண்டும். வேலை செய்பவர் ஒருவர், கையெழுத்துக்குக் காசு வாங்குபவர் இன்னொருவர் என்று நடப்பதுண்டு. அந்தக் காசும் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும்.

அப்புறம், விருந்தினர் அறைக்கு என்ன டாரிஃப், தனி சர்வீஸ் வேண்டுமா என்று செக்‌ஷன் ஆபீஸில் முதலில் கேட்டுவிடுங்கள். தனி மீட்டர் என்றால் மெயின், டி.பி., கேபிள் எல்லாமே இரண்டாகப் பிரியும். வயர் இழுத்தபின் தெரிந்தால் மறுபடி செலவு.

#30 கோடநாடு_ரோடு

திங்கட்கிழமை செக்‌ஷன் ஆபீஸுக்குப் போகிறேன். அவரிடம் லைசென்ஸ் நகல் கேட்டேன். வாட்ஸப்பில் உடனே அனுப்பினார், அவர் பெயரிலேயே இருக்கிறது, காலாவதியும் ஆகவில்லை.

திருத்திய கொட்டேஷன் இப்போது 2,61,000. கேசிங், 4 ஸ்கொயர் நான்கு காயில், சாதா மாடுலர் (தம்பி கோபத்தில் இருக்கிறான்), ரிலே, சர்ஜ் அரெஸ்டர், இரண்டு ஆர்.சி.சி.பி. எல்லாம் சேர்ந்து. ஜி.எஸ்.டி. இல்லை. சாமான் பணம் நேராகக் கடைக்கு. பாறை வந்தால் குழிக்கு 2,500 கூடுதல் என்று தனி வரி. 2.40காரரைவிட 21,000 அதிகம், ஆனால் முன்பக்கமும் எர்த்தும் இதில் இருக்கிறது. இவருக்கே கொடுப்பதாக இருக்கிறோம்.

#31 ஒயர்மேன்_குன்னூர்

கொடுங்கள் அக்கா. இந்த விலைக்கு நான் வந்தாலும் குறைக்க மாட்டேன். ஒன்று மட்டும்: கேசிங் மூடியைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பச்சை வயர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போயிருக்கிறதா என்று கோவையில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

#32 அரவங்காடு_பழசு

டி.பி.யில் நான்கு வழி காலியாக விடச் சொல்லுங்கள். அம்மா அடுத்த மாதமே வாஷிங் மெஷினுக்கு இன்னொரு பிளக் கேட்பார்.